கடல்பாசித் தட்டில் குப்பைமேனி

"கையைக் கழுவிட்டுத் தொடுங்கன்னு சொல்றேன்ல, கழுவாம அப்படியே—"

"எதுக்குக் கழுவணும்? கையில ஒட்டியிருக்கிறதே மருந்து. அதைப் போயி சோப்புப் போட்டு—"

"டாக்டர் எழுதிக் குடுத்தா அது மருந்து. நீங்க மிக்சியில அரைச்சா அது துவையல்."

"குப்பைமேனியத் துவையல்ங்கிறியே, உனக்கு வாய் கூசல?"

"நானா பேர் வச்சேன்? பேருலயே குப்பைன்னு இருக்கு."

நாகல் நகரில் அந்தச் சந்துக்கே தெரிந்த சண்டை இது. கிதர் முகம்மது இடது காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக் கட்டுத்துணியை அவிழ்க்கிற காலை நேரத்தில் தவறாமல் தொடங்கும். பெருவிரலுக்குக் கீழே புண். சர்க்கரை உடம்பு. நாற்பது நாளாகியும் மூடுவேனா என்கிறது. ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதோடு அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. அவரோடு தோல் மண்டியில் வேலை பார்த்த யாசின் போன வருசம் இதே மாதிரிப் புண்ணோடு ரொம்ப நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போய், ரெண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். யாசின் ரொம்ப நாள் கழித்துப் போனார் என்பது அவர் மனைவி உம்மு சல்மாவின் கணக்கு. யாசின் போனார் என்பது கிதர் முகம்மதுவின் கணக்கு.

அதனால் வாரத்துக்கு ஒரு நாள் டவுன் பஸ் ஏறி எரியோட்டுக்குப் போய், யாரோ ஒருத்தர் தோட்டத்து வரப்பிலிருந்து குப்பைமேனியை வேரோடு பிடுங்கி வந்தார். அதே செடி அவர்கள் வீட்டுச் சாக்கடை ஓரத்திலும் நின்றது. அது சரிப்படாதாம், எரியோட்டு மண்ணுக்கு வீரியம் உண்டாம். வேர் வந்திறங்கினால் போதும், சந்துப் பூனைகள் மூன்றும் வாசலுக்கு வந்துவிடும். குப்பைமேனி வேர் என்றால் பூனைக்கு அப்படி ஒரு கிறுக்கு.

"உங்க பேஷண்டெல்லாம் வந்துட்டாங்க. டோக்கன் போட்டு ஒவ்வொண்ணாப் பாருங்க" என்றாள் உம்மு சல்மா.

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள் ஏஞ்சலின். பக்கத்து வீட்டு ஞானதாஸின் மகள். இடியாப்பத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். பெண்கள் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பாடம் நடத்துகிறாள். உம்மு சல்மாவைக் கேட்டால், கிருமிக்குச் சோறு போட்டு வளர்க்கிற உத்தியோகம் என்பாள்.

"நல்ல நேரத்துல வந்தே. உன் கிருமி மேல இந்தத் துவையல ஊத்திப் பாரேன். செத்துச்சுன்னா நான் வாயை மூடிக்கிறேன்."

"பார்க்கலாமே அத்தை. எங்க பிள்ளைங்க இந்த வாரம் இலைச்சாறுதான் சோதிக்கிறாங்க. ஆனா ரெண்டு கேள்வி பார்க்கணும் மாமா. கிருமியைக் கொல்லுதான்னு ஒண்ணு. கொல்லக் கூடாததையும் சேர்த்துக் கொல்லுதான்னு இன்னொண்ணு."

"கொல்லக் கூடாததுன்னா?"

"உப்புத் தண்ணியில பொரிக்கிற இறால் குஞ்சு. பேன் முட்டை அளவு இருக்கும். இலைச்சாத்தை ஊத்தி ஒரு நாள் விடுவோம். நீந்திக்கிட்டு இருந்தா, சரி, அடுத்த சோதனைக்குப் போகலாம்னு அர்த்தம்."

"இறாலுக்கும் என் காலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ரெண்டும் உசுரோட இருக்கு மாமா. இப்போதைக்கு."

அந்த 'இப்போதைக்கு' உம்மு சல்மாவுக்குச் சுருக்கென்றது. அவருக்கு அது காதிலேயே விழவில்லை. பந்தயம் என்றதும் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. இலை தோற்றால் அன்றைக்கே ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரி. இலை ஜெயித்தால் அடுத்த நோன்பு முடிகிறவரை ஆஸ்பத்திரி என்கிற வார்த்தை உம்மு சல்மா வாயில் வரக்கூடாது.

"அம்புட்டு நாள் தாங்குவியா?" என்றார்.

"மூடுன வாய்க்கு நன்மை கிடைக்கும். நீங்க உங்க காலைப் பாருங்க."

ஏஞ்சலின் மறுநாள் சாறு ஒரு பாட்டில் வேண்டும் என்றாள். கூடவே, அரைக்காத இலையும் ஒரு கைப்பிடி, அதே செடியில். இலை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. உம்மு சல்மா ஒரு பையில் போட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் அவர் முதலில் மண்டிக்குப் போனார். வேலையை விட்டு நாலு வருசமானாலும் தினமும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். முப்பத்தைந்து வருசம் தோல் தரம் பிரித்த கை. கண்ணை மூடிக்கொண்டு தடவியே முதல் ரகம், ரெண்டாம் ரகம், கழிசல் என்று சொல்லிவிடுவார். பச்சைத் தோல் ஒரு பொழுது தாங்காது. வந்த உடனே உப்புப் போடாவிட்டால் மயிர் உதிர்ந்து நாறிப்போகும். பக்ரீத் அன்றைக்குத்தான் ஊர்த் தோல் எல்லாம் வந்து குவியும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பக்ரீத்துக்கும் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தொழுகை முடிந்து வருவார், சட்டையை மாற்றுவார், "தோல் காத்திருக்காது சல்மா" என்பார், போய்விடுவார். உம்மு சல்மா தனியாகச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி அவர் கழற்றிப் போடும் சட்டையை மூன்று தண்ணீரில் அலசுவாள். அப்போதும் அந்த வாடை போகாது.

மண்டியிலிருந்து வந்தவர் தானே அரைத்து, தானே வடிகட்டி, தானே பாட்டிலில் ஊற்றினார். "நீ கிட்ட வராத. உன் கை பட்டாக் கிருமி சேரும்."

அதற்கப்புறம் யாரும் சொல்லாமலே சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினார். தான் கத்தினது கடைசியில் காதில் ஏறிவிட்டது என்று உம்மு சல்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

சனிக்கிழமை ஏஞ்சலின் ரெண்டு பேரையும் கல்லூரிக்கே வரச் சொன்னாள். ஆட்டோக்காரரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, கிதர் முகம்மது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனார். ஏஞ்சலின் ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "மூடியைத் தொறக்கக் கூடாது அத்தை. உள்ளே கிருமி இருக்கு."

உம்மு சல்மா குனிந்து பார்த்தாள். "ஏம்மா, இது நோன்பு தொறக்க நான் செய்யிற கடல்பாசியில்ல?"

"அதேதான். நீங்க பாலும் சக்கரையும் போடுவீங்க, நாங்க வேற போடுவோம்."

"நம்ம வீட்டுல மனுசனுக்கு வைக்கிறதை இங்க கிருமிக்கு வைக்கிறாங்க பாருங்க. எம்புட்டு மரியாதை!"

"நீ செய்யிற கடல்பாசி எனக்கே சக்கரைன்னு தர மாட்டேங்கிற" என்றார் அவர்.

தட்டு முழுக்க மங்கலாகக் கிருமி படர்ந்திருந்தது. நாலு இடத்தில் பொட்டு வைத்த மாதிரிக் காகித வில்லை. ஏஞ்சலின் பேனா முனையால் காட்டினாள். "இது வெறும் தண்ணி. ஒண்ணும் ஆகல. இது கடையில விக்கிற மருந்து. சுத்தி எம்புட்டுத் தெளிவா இருக்கு பாருங்க, அந்த வட்டத்துக்குள்ள கிருமி வளரல. இது நீங்க குடுத்த இலையில நாங்க எடுத்த சாறு. சின்னதா, மோதிரம் மாதிரி ஒரு வட்டம். இது மாமாவோட பாட்டில்."

மாமாவோட பாட்டில் தட்டில் பாதியை விழுங்கியிருந்தது. கடை மருந்தின் வட்டம் அதற்குப் பக்கத்தில் குழந்தை மாதிரி இருந்தது.

"பார்த்தியா!" கிதர் முகம்மது மேசையைத் தட்டினார். "பார்த்தியா, பார்த்தியா! எரியோட்டு மண்ணு! மூடு வாயை, இப்பவே மூடு. மஹ்ஜபீனுக்குப் போன் போடு. என் மக கேக்கட்டும்."

உம்மு சல்மாவுக்கு வாயை மூடுவது ஒன்றும் பெரிசில்லை. வருகிற நோன்புக்கு இன்னும் மாசங்கள் கிடந்தன. அதுவரை அந்தக் கால்?

ஏஞ்சலின் சிரிக்கவில்லை. "மாமா, ஒரே செடி, ஒரே இலை. எங்க சாத்துக்கு மோதிரம், உங்க சாத்துக்குத் தட்டு. எப்படி?"

"அது கைப்பக்குவம்மா."

"கைப்பக்குவம். சரி." அவள் ரெண்டு குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒன்றில் தூசு மாதிரி ஏதேதோ துள்ளித் துள்ளி நீந்தின. "இது எங்க சாறு. முக்காவாசிக்கு மேல உசுரோட இருக்கு. இது உங்களோடது." மற்றதில் எல்லாம் அடியில் படிந்து கிடந்தன. "ஒரு நாள் விட்டுப் பார்க்கணும்னேன்ல. ஒரு மணி நேரம்கூட ஆகல மாமா."

"பாவம்" என்றார் அவர், சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

மிச்சச் சாறு இருந்த பாட்டில் மேசை ஓரத்தில் இருந்தது. மூடி சரியாகத் திருகப்படவில்லை. உம்மு சல்மா அந்தப் பக்கம் நகர்ந்தவள் அப்படியே நின்றாள். மூன்று தண்ணீரில் அலசினாலும் போகாத வாடை.

"ஏங்க. இது மண்டி வாடையில்ல?"

அவர் இன்னும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை கை கழுவுனீங்களே! நான் கூறுகெட்டவ, எம்பேச்சைக் கேட்டுக் கழுவுனீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு மூடி" என்றார் மெதுவாக. "ஒரே ஒரு மூடி. தோல் அழுகாம இருக்க உப்போட சேர்த்துத் தெளிப்போம்ல, அந்த மருந்து. முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு தோலை அழுக விட்டதில்ல அது. தோலுக்கு நல்லதுதானே?"

"அது செத்த ஆட்டுத் தோலுங்க!"

ஏஞ்சலினுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று தட்டை இறக்கினாள். "மாமா. பாட்டில்ல ஊத்துனீங்க. கால்ல?"

அவர் இடது காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை, ரெண்டு சொட்டு. எரிஞ்சா விட்டுரலாம்னுதான் பார்த்தேன்." அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எரியவே இல்ல. கொஞ்சங்கூட இல்ல. அம்புட்டு நல்ல மருந்து."

உம்மு சல்மா ஏஞ்சலினைப் பார்த்தாள். ஏஞ்சலின் முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

"எரியாததுதான் மாமா பயம்" என்றாள். "அந்த இடத்துல உணர்ச்சி போயிருக்கும். இன்னைக்கே காட்டணும். இந்தப் பாட்டிலையும் கொண்டு போய் என்ன ஊத்துனீங்கன்னு சொல்லணும்."

"அப்ப இலை தோத்துப்போச்சா?" அவர் குரல் இறங்கிவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"இலை தோக்கல. மோதிர அளவுக்கு ஏதோ இருக்கு. ஆனா அது தட்டுல. புண்ணுக்கு ஆகுமான்னு இந்தத் தட்டு சொல்லாது. இலை பொய் சொல்லல மாமா."

"வேற யாரு சொன்னா?"

"பாட்டில்."

வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. அவர் ஏறி உட்காரவே நேரம் எடுத்தார். உம்மு சல்மா நன்றாகக் கேலி பண்ண வேண்டும் என்று வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். அவரே முந்திக்கொண்டார்.

"இலை போதும்னுதான் இருந்தேன் சல்மா. மூணு வாரமாத் துணியை அவுக்கிறப்பல்லாம் பார்க்கிறேன். அப்படியே இருக்கு. யாசின் விரலும் இப்படித்தான்..." மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

அவளுக்குச் சேர்த்து வைத்த கேலியெல்லாம் கலைந்துபோனது. இலையை நம்புவதை அவர் எப்போதோ விட்டிருக்கிறார். சொல்லத்தான் பயம்.

"ஆஸ்பத்திரிக்குத்தானேம்மா?" என்றார் கட்டுப் போட்ட காலைப் பார்த்த ஆட்டோக்காரர்.

"வீட்டுக்கு விடுப்பா" என்றார் கிதர் முகம்மது அவசரமாக. "இன்னைக்குச் சனிக்கிழமை, கூட்டமா இருக்கும். நாளைக்கு ஞாயிறு, பெரிய டாக்டர் இருக்க மாட்டாரு. திங்கக்கிழமை வெள்ளன எந்திரிச்சுப் போயிருவோம். ரெண்டு நாள்ல என்ன ஆகிடப் போகுது?"

உம்மு சல்மா குனிந்து அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், சேலையில் படுமே என்று பார்க்கவில்லை. அவிழ்ந்திருந்த துணி நுனியை இழுத்து முடிந்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு பக்ரீத்துக்கும், தோல் காத்திருக்காதுன்னு சொல்லி என்னையத் தனியாச் சாப்பிட விட்டுட்டு ஓடுனீங்களே, இந்தத் தோலு மட்டும் திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்குமாங்க?"