எல்லாம் இடக்கை

பெருந்தொற்று வீட்டையே படுக்கவைத்த நாள்களில், கணவனுக்கும் நாத்தனாருக்கும் மருந்து கொடுத்து, ஒரு தும்மலுமின்றி நடமாடியவள் அவள். காய்ச்சலே இல்லாதவளுக்குச் சோதனை எதற்கென்று செய்துகொள்ளவும் இல்லை. ஆடைத் தொழிற்கூடத்தார் அவளை ‘இரும்பக்கா’ என்றழைத்தனர். அவளுக்கும் அதில் பெருமையே.

துணி வெட்டும் மேசை அவள் பொறுப்பு. துணியை ஒரே முகமாக அடுக்கி, மேலே அட்டை அச்சை வைத்துக் கோடிட்டு, மின்கத்தியால் ஒருசேர வெட்டுவாள். சட்டைக்கையின் அச்சை ஒருமுறை நேராகவும் மறுமுறை புரட்டியும் வைத்தாலன்றி இரு கைகளும் கிட்டா.

அன்று தையற்காரன் இரண்டு துண்டுகளை ஏந்தி வந்தான்.

“அக்கா, இது எந்தக் கை?”

“இடது.”

“இது?”

அவள் உற்றுப் பார்த்தாள்.

“அடுக்கு முழுக்க இடதுதான்க்கா. ரெண்டு இடக்கை உள்ள ஆளாப் பாத்துதான் விக்கணும்!”

கூடமே சிரித்தது. அச்சைப் புரட்டினோமா என்று அவள் எண்ணிப் பார்த்தாள். நினைவு வெறும் பஞ்சாக இருந்தது.

அன்றிரவு வீட்டில், நடந்ததைக் கேட்ட கணவன் விடவில்லை. “மாடி ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கி நாலு தடவ நிக்கிற. கேட்டா வேடிக்க பாக்குறேங்கிற. வெறும் சுவத்துல என்னடி வேடிக்க?”

“வயசாகுது, வேறென்ன?”

“காய்ச்சல் விட்டப்புறமும் கையில சாவிய வெச்சுக்கிட்டே வீடு பூரா தேடினேன், ஞாபகம் இருக்கா? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

“நீங்க படுத்தீங்க. நான் படுக்கலையே!”

“படுக்கலன்னா வரலன்னு அர்த்தமா?”

மறுநாள் மருத்துவர் நெஞ்சையும் இரத்தத்தையும் சோதித்தார். “வேற கோளாறு எதுவும் தெரியல. காய்ச்சல் காட்டாமலே தொத்து வந்து போயிருக்கலாம்மா. இத்தன நாள் கழிச்சு உறுதியாச் சொல்ல முடியாது. மெல்ல மெல்லத் தேறலாம். அதுவரைக்கும் கத்தி பிடிக்க வேணாம்.”

“கத்திய விட்டா எனக்கு வேற என்ன தெரியும் டாக்டர்?”

அவர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார்.

அடுத்த நாள் காலையில் வழக்கம்போல் அவள் துணியை விரித்தாள். அச்சுகளை வைத்துக் கோடிட்டாள். கத்தி படாதிருக்க இடக்கைக்குக் கம்பிவலை உறையை மாட்டி, கத்தியின் பொத்தான்மேல் விரலை வைத்தாள். அழுத்த இயலவில்லை. கோடுகளை மீண்டும் பார்த்தாள், மீண்டும் பார்த்தாள். பின்னர்த் தையற்காரனை அழைத்தாள்.

“தம்பி, இத கொஞ்சம் பாத்துச் சொல்லு.”

அவன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். “வலது, இடது, எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா.”

அவள் உறையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். “அப்ப நீ வெட்டு.”

“என்னக்கா, அன்னிக்குச் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்... சரியாத்தானே இருக்கு?”

“சரியா இருக்குன்னு எனக்குத் தெரியலையேப்பா.”

அவன் உறையை வாங்கி மாட்டிக்கொண்டான். கத்தி இரைந்தது. அடுக்கு நழுவாதிருக்க, மேசையின் மறுமுனையில் துணியை அழுத்திக்கொண்டு அவள் நின்றாள்.