கூரையிலிருந்து இறங்காத மத்தியானம்

மதியம் ரோசௌரா போன் செய்தபோது, அவள் கணவர் இலாரியோ அண்ணனும் நானும் தேவாலயக் கூரைமேல் ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, தீர்ப்பு வந்துடுச்சு. இனிமே டெக்சாஸ் போலீசே பேப்பர் இல்லாதவங்களைப் பிடிக்கலாமாம். வெளியில தலைகாட்டாதீங்க."

"நான் ஊருக்கே தெரியற மாதிரி கூரைமேல நிக்கறேன்டி," என்றார் அண்ணன்.

அனுமதிப் பத்திரம் இல்லாதவர்களைப் பிடிப்பதும் நாட்டைவிட்டு அனுப்புவதும் மத்திய அரசின் வேலை என்றுதான் இருந்தது. மாநிலம் தானும் பிடிக்க ஒரு சட்டம் போட்டது. மத்திய அரசு வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. அந்தத் தடைதான் இப்போது போய்விட்டது. எனக்குக் கிரீன் கார்டு உண்டு. பதினேழு வருஷமாக இங்கே இருக்கும் அண்ணனுக்கு ஒன்றும் கிடையாது.

அரை மணி நேரத்தில் மாநில போலீஸ் கார் ஒன்று வந்து கீழே மர நிழலில் நின்றது. உள்ளே ஒரே ஒருவர். இறங்கவில்லை, போகவுமில்லை.

தண்ணீர் தீர்ந்ததும் நான் ஏணியில் இறங்கினேன். கார்க் கண்ணாடி இறங்கியது.

"மேல எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான் சார்."

சொல்லி வாய் மூடவில்லை, மேலே சுத்தியல் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். சத்தம் சட்டென்று நின்றது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆணி அடிக்கவே இல்லை. ஜூன் வெயிலில் முகட்டுக்கு அந்தப் பக்கம் படுத்துக் கிடந்தோம். "பிடிச்சா எல்லை ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுடுவானா, இல்ல ஜெயிலாடா?" என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஐந்தரைக்கு மறுபடி ரோசௌராவின் போன். மேல்முறையீட்டு கோர்ட் திரும்பத் தடை போட்டுவிட்டதாம். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை.

அதே நேரம் போலீஸ்காரர் காரைவிட்டு இறங்கினார்.

"யோவ், மேல இருக்கிறவரை இறங்கச் சொல்லு. வெயில்ல செத்துடப் போறாரு. பிடி, பிடிக்காதேன்னு எனக்கே மூணு உத்தரவு வந்தாச்சு. நாளைக்கு எது வருமோ."

கார் போனபிறகும் அண்ணனால் உடனே இறங்க முடியவில்லை. ஒவ்வொரு படியாக நான்தான் அவர் பாதத்தைப் பிடித்து வைத்தேன்.

வீட்டு வாசலில் ரோசௌரா இரண்டு பைகளோடு நின்றாள். "நாளைக்குப் பத்து மணிக்குள்ள பக்கத்து மாநிலம் நியூ மெக்சிகோவுக்குப் போயிடணும். அங்க இருக்கிற தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். அங்க இந்தச் சட்டம் கிடையாது."

"அங்க மட்டும் மத்திய அரசு இல்லையா?" என்றார் அண்ணன்.

"ஒருத்தனுக்குப் பயந்தா போதும்ல?"

விடியும்போதே கிளம்பிவிட்டார்கள். மீதிக் கூரையை நான் தனியாக முடித்தேன்.