இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பைத்தான் என்ற கணினி மொழியின் ஒரு மாட்யூல் பற்றிய விளக்கப் பக்கத்தில். ஃபைல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டளை. அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேறொரு கட்டளை. ஏன் இரண்டு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டயானா வந்து நின்றாள்.

முதலில் எழுதியது: "கப்பலூரில் அன்று மழை…" (கப்பலூரில் ஏது மழை? அடித்துவிட்டேன்.)

2

டயானாவுக்குக் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனி ஆபீஸில் வேலை. ஒவ்வொரு பிரிவும் தன் ஃபோல்டரில் ரிப்போர்ட் போட்டதா என்று தினமும் திறந்து பார்த்துச் சலித்துப்போய், அந்த வேலைக்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதி அதன் தலையில் கட்டிவிட்டாள். ஃபைல் இருந்தால் போனில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

புனேயில் வேலை பார்க்கும் புருஷன் இம்மானுவேலுக்கும் ஒன்று எழுதிக்கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் அதுவே பதிவைத் தொடங்கும், ஃபைலை அவளுக்கு அனுப்பும்; அவன் பேசினால் போதும். அவன் ஃபைல்கள் வந்து விழும் ஃபோல்டரையும் ஆபீஸ் ஸ்கிரிப்ட்டின் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டாள். ஆரம்பத்தில் விளாங்குடி வீட்டில் அவன் குரலை ஓடவிட்டுத்தான் சாப்பிடுவாள். பிறகு ஓவர்டைம், அலுப்பு. பச்சை வந்துவிட்டதா, பேசிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்ளலாம். ஞாயிறும் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது.

(இங்கே அவளைத் திட்டி ஒரு பத்தி வைத்திருந்தேன். தனக்கு மட்டும் உலை வைத்துப் பழகியவர்கள் அதைப் படித்தால்… சரி, எடுத்துவிட்டேன்.)

3

பக்கத்து சீட் முனீஸ்வரிதான் கண்டுபிடித்தாள். "அக்கா, பேக்கிங்காரய்ங்க வெறும் ஃபைலப் போட்டு வச்சிருக்காய்ங்க. உங்க ஸ்கிரிப்ட்டு அதுக்கும் பச்சை காட்டுது. உள்ள எதாவது இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க."

டயானா ஒரு வரி சேர்த்து ஓட்டினாள். பேக்கிங் சிவந்தது. அதற்குக் கீழே இம்மானுவேலின் ஃபோல்டர்: ஈஸ்டரிலிருந்து எல்லாமே சிவப்பு. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

4

முடிவு ஒன்று: மைக் ரிப்பேர். இருவரும் சிரிக்கிறார்கள். (எனக்கு இதுதான் ஆசை.)

முடிவு இரண்டு: புனேயில் இன்னொருத்தி. (சீ. அவன் அப்படிப்பட்டவன் இல்லை.)

நடந்தது இது:

"ஏங்க, ஃபைல்ல ஒண்ணுமே இல்லையே? மைக் கெட்டுப்போச்சா?"

"கெடல. நான்தான் அமத்தி வச்சேன்."

"எதுக்கு?"

"என் பேச்சு வரலன்னு நீ என்னைக்குச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன் டயானா. அம்புட்டுத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"நான்…" என்று தொடங்கினாள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. நான் எழுதிய எந்தப் பதிலும் அவனுக்குப் போதாது. நீங்கள் ஏதாவது சொல்லிக்கொடுங்கள். அவன் இன்னும் லைனில்தான் இருக்கிறான்.