கிழக்கு பார்த்த வண்டி

அவிநாசியில் ஸ்பின்னிங் மில் வைத்திருந்த அங்கப்பனுக்கு இமயமலை மேல் ஆசை வந்தது தொண்ணூற்றாறாம் வருஷம். அதுவரை அவர் ஏறியதில் உயரமான இடம் ஊட்டி. அங்கும் குளிர் தாங்காமல் மத்தியானச் சாப்பாட்டுக்கே மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டவர்.

ஆசையைக் கொண்டுவந்தவன் அவருடைய மச்சினன் மதன்குமார். மில் இயந்திரக் கண்காட்சி பார்க்கப் பன்னிரண்டு நாள் ஜெர்மனி போய்வந்தவன். அந்தப் பன்னிரண்டு நாளை மூன்று வருஷமாகச் செலவழித்துக்கொண்டிருந்தான். எந்தப் பேச்சையும் "அங்கெல்லாம்" என்றுதான் ஆரம்பிப்பான். அங்கிருந்து வழவழப்பான கேட்டலாக் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். லாரியின் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் அடுப்பு, கட்டில், கக்கூஸோடு ஒரு வீட்டையே கட்டிப் பாலைவனத்திலும் பனியிலும் ஓட்டிக்கொண்டு போகிற வண்டிகளின் படங்கள். எழுத்தெல்லாம் ஜெர்மன். ஆகவே யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

"மாமா, இதுமாதிரி வண்டி கோயமுத்தூர்ல ஒருத்தருகிட்டயும் இல்லீங்க" என்றான் மதன்குமார்.

இமயமலைக்குப் போக அதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

ராணுவம் கழித்துவிட்ட, நான்கு சக்கரமும் இழுக்கிற லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்துச் சூலூரில் பீர் முகம்மதுவின் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பீர் முகம்மது பத்தொன்பது வருஷமாக லாரிக்குப் பாடி கட்டுகிறவர். கட்டி முடித்த ஒவ்வொரு பாடியின் பின்மூலையிலும் உள்ளங்கையளவு அலுமினியத் தகடு ஒன்றை ரிவெட் அடித்து வைப்பார். 'பீர் முகம்மது, சூலூர்.' அவருடைய விளம்பரம் அவ்வளவுதான். அந்தத் தகடு இருந்த எந்த வண்டியும் விரிசல் விட்டதாகப் பேச்சில்லை. ஒன்றே ஒன்று விட்டால் போதும். லாரிக்காரர்கள் டீக்கடைக்கு டீக்கடை சொல்லிக்கொண்டே நாமக்கல் வரை போய்விடுவார்கள், அப்புறம் ஷெட்டில் காக்கா உட்காரும்.

அவர் கேட்டலாக்கை இரண்டு நாள் வைத்துப் புரட்டினார். பதினோராம் பக்கத்தில் நின்றார். படத்தில் ஒரு வண்டியின் முன்சக்கரம் பாறைமேல் ஏறியிருந்தது. சேஸிஸ் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக் கிடந்தது. மேலே வீடு மட்டும் கோணாமல் உட்கார்ந்திருந்தது.

"தம்பி, இதப் பாத்தீங்களா?"

"அது ஆல்ப்ஸ் மலைங்க பாய்" என்றான் மதன்குமார்.

"மலை கெடக்கட்டும்ங்க. பொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல சந்து தெரியுது பாருங்க."

மூன்று வருஷமாக அவன் கையில் இருந்த படம்தான். சந்து அன்றைக்குத்தான் அறிமுகமாயிற்று.

பீர் முகம்மது அங்கப்பனுக்கு விளக்கினார். "ஏனுங்ணா, லாரிப் பாடி தொறந்த பாடி. சேஸிஸ் முறுக்குனா அதுவும் கூடவே முறுக்கிக்கும். இது மேலயும் மூடுன பொட்டிங்க, வளையாது. இறுக்கிக் கட்டிப்போட்டா கதவு சிக்கும், கண்ணாடி தெறிக்கும், மூலை கிழியும். முன்னால ரெண்டு எடத்துல புடிச்சு, பின்னால நடுவுல ஒரே ஒரு பின்னு குடுத்துப்போடலாம். முக்காலி மாதிரி. முக்காலிய எந்தத் தரையில வெச்சாலும் நிக்கும். நாற்காலிக்குத்தானுங்க காலுக்கடியில காயிதம் மடிச்சு வெக்கறோம்."

"உங்க இஷ்டம் பாய்" என்றார் அங்கப்பன். அவர் அப்போது கக்கூஸுக்கு என்ன நிறத்தில் டைல்ஸ் பதிப்பது என்ற யோசனையில் இருந்தார்.

வேலை ஐந்து மாதம் நடந்தது. அங்கப்பனின் மனைவி ராசாத்தாள் ஒருநாள் ஷெட்டுக்கு வந்து, கிரைண்டர் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்.

"இமயமலையில கிரைண்டர் எதுக்கு அம்மணி?" என்றார் அங்கப்பன்.

"பின்ன? அத்தன தூரம் போயி ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்கறதுங்களா? நீங்கதான் ரெண்டு நாளு இட்டிலி இல்லாட்டி மூஞ்சியத் தூக்கிக்குவீங்க."

கிரைண்டருக்கு இடம் வந்தது. அங்கப்பனின் யோசனையில் ஜன்னலுக்கெல்லாம் இரும்பு கிரில் வந்தது. கரடி கையை விட்டால் என்ன செய்வது என்றார். கடைசியாக வாஸ்துக்காரர் வந்தார். அந்த வருஷம் கோவையில் வாஸ்துக் காய்ச்சல். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மில்களின் வாசலையெல்லாம் இடித்து வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். வாஸ்துக்காரர் திசைகாட்டியோடு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"இது எந்தத் திசை பாத்த மனை?"

"ரோடு எப்படிப் போகுதோ அப்படிங்க சாமி" என்றார் வெல்டர் சுந்தரராஜுலு.

வாஸ்துக்காரர் கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். ஓடும்போது தோஷம் ஒட்டாது என்றும், நிற்கும்போது மட்டும் கிழக்கு பார்த்து நிற்க வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார். அடுப்பு அக்னி மூலையில், அதாவது கிழக்கு பார்த்து நிற்கும் வண்டிக்குத் தென்கிழக்கில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வலப்பக்கம் வந்தது. முக்காலியில் கை வைக்காதவரை பீர் முகம்மதுவுக்கு எதிலும் ஆட்சேபம் இல்லை.

வண்டி எடுக்கிற நாளில் அங்கப்பன் நான்கு ஊர்ச் சொந்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாடி எடுக்க வருகிறவர்கள் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஆடாத பாடிதான் நல்ல பாடி. அங்கப்பனின் பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தார். பெட்டி இரண்டு விரற்கடை அசைந்து, திரும்பித் தன் இடத்துக்கு வந்தது.

"ஏப்பா அங்கப்பா, எங்கூட்டு மாட்டுவண்டி இதவிடத் தேவலையே!"

"ஆடோணும்ங்க பெரியவரே" என்றார் பீர் முகம்மது. "இது ஆடறதுக்குன்னே..."

அவரை யாரும் பேசவிடவில்லை. சிரிப்பு ஓய நேரமாயிற்று. அங்கப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மில்லில் ஒரு மெஷின் அசைந்தால் ஃபிட்டரின் சீட்டுக் கிழிந்துவிடும்.

நான்காம் நாள் சுந்தரராஜுலு செய்தி கொண்டுவந்தார். மில்லில் ஏதோ பைப் ஒட்டப் போனவர் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"பாய், கெடுத்துப்போட்டாங்க. பக்கத்துக்கு நாலுன்னு எட்டு யூ போல்ட் போட்டு, பொட்டிய சேஸிஸோட சேத்து இறுக்கிப்போட்டாங்க. நானும் தோள் குடுத்துப் பாத்தேன். செவுரு மாதிரி நிக்குது."

பீர் முகம்மது கையைக் கழுவிக்கொண்டு அவிநாசிக்குப் பஸ் ஏறினார்.

"ஒண்ணு போல்டக் கழட்டுங்ணா, இல்லாட்டி எம்பேரக் கழட்டிக் குடுத்துருங்க" என்றார் அங்கப்பனிடம். "மேட்டுல ஏறுன அன்னைக்கே மூலை கிழியும். கிழிஞ்ச எடத்துக்குப் பக்கத்துலயே எம்பேரு இருக்கும்."

"பேர எப்படிங்க பாய் கழட்டறது? பத்திரிகையே அடிச்சாச்சு."

மேஜையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்து நீட்டினார். 'புதுமனை புகுவிழா' என்று தலைப்பில் இருந்தது. லாரிக்கு வேறு வாசகம் அச்சகத்தில் இல்லையாம். கீழே, 'வடிவமைப்பு: திரு. மதன்குமார் (ஜெர்மனி). கட்டுமானம்: ஜனாப் பீர் முகம்மது.'

"போல்டு?"

"ஆடற ஊட்டுக்குள்ள நாலு பெரிய மனுசன எப்படிங்க கூட்டிட்டுப் போறது? நம்ம கௌரவம்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க?"

தம்முடைய கௌரவம் பின்மூலையில் உள்ளங்கையளவில் இருப்பதைப் பீர் முகம்மது இன்னொரு தடவை சொல்லவில்லை. விழாவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

விழா அங்கப்பனின் தோட்டத்தில், ஆவணி மாத முகூர்த்தத்தில், காலையில் நடந்தது. வாழைக்கு நடுவில் பந்தல். நாதஸ்வரம். பீர் முகம்மது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சுந்தரராஜுலுவோடு வந்தார். கையில் ஒரு துணிப்பை. பையில் உளி, சுத்தியல், பெரிய ஸ்பேனர் ஒன்று. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்ததும் ரிவெட்டைத் தட்டிவிட்டுத் தகட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். போல்டில் கை வைக்க உரிமை கிடையாது, பேர் அவருடையது.

ராசாத்தாள் பால் காய்ச்ச உள்ளே ஏறினார். அங்கப்பன் ஏறினார். தலைமை விருந்தினராக வந்திருந்த தொழிலதிபர் சங்கத் தலைவரும் பொன்னாடையோடு ஏறினார். பின்கதவைச் சாத்தி, வெளியே ஏணியை எடுத்துவிட்டார்கள். அடுப்பைப் பற்றவைக்கப் போன ராசாத்தாள் கையிலிருந்த தீக்குச்சியை ஊதி அணைத்தார்.

"ஏனுங்க, வண்டி வடக்கு பாத்தல்ல நிக்குது! அடுப்பு ஈசானிய மூலைக்கு வந்துருச்சு!"

அங்கப்பன் கிரில் வழியாகக் கத்தினார். "மாப்ள! கெழக்க திருப்பு! நல்ல நேரம் முடிய எட்டு நிமிஷந்தான் இருக்குது!"

மதன்குமார் ஏற்கெனவே முன்னால் டிரைவர் சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான். வண்டியைக் கிழக்கே ஒடித்தான். முன் இடது சக்கரம் வரப்பில் ஏறியது. பின் இடது சக்கரம், காலையில்தான் தண்ணீர் பாய்ந்திருந்த வாய்க்காலில் இறங்கியது. கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு ஜன்னல் கண்ணாடியில் குறுக்கே கோடு விழுந்தது. மதன்குமார் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் நான்கு சக்கரமும் சேறு வாரி இறைத்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தி வாயைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே இருந்து கதவைத் தள்ளினார்கள். கதவுச் சட்டம் கோணிக்கொண்டதில் கதவு அசையவில்லை. வெளியே ஆறு பேர் இழுத்தார்கள். சங்கத் தலைவரின் முகம் கிரிலில் தெரிந்தது.

"அங்கப்பன், எனக்குப் பதினோரு மணிக்குக் கலெக்டரோட மீட்டிங்."

"இதோ ஆச்சுங்க. அங்கெல்லாம் இது சகஜங்க. மாப்ள, ஆல்ப்ஸ்ல இதுக்கு என்ன பண்ணுவாங்க?"

மதன்குமார் கண்ணாடியைக் கழற்றினான். ஆல்ப்ஸில் என்ன பண்ணுவார்கள் என்பது ஜெர்மனில் இருந்தது.

பின்மூலையில் அலுமினியத் தகட்டுக்கு ஒரு சாண் தள்ளி, பெயின்ட் தலைமுடி அளவுக்குப் பிளந்திருந்தது. பீர் முகம்மது அதை விரலால் தடவிப் பார்த்தார். பெயின்டுக்கு அடியிலிருந்த பாடியின் தகடு இன்னும் பிளக்கவில்லை. இனி ஒரு தடவை வண்டி குலுங்கினால் போய்விடும். பையோடு ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"ஏனுங்ணா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போல்டக் கழட்டட்டுமா, பேரக் கழட்டட்டுமா?"

பந்தலில் இருந்த நானூறு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அங்கப்பன் சங்கத் தலைவரைப் பார்த்தார். தலைவர் பொன்னாடையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போல்டக் கழட்டுங்க பாய்."

"எட்டையுமுங்களா?"

"எட்டையும்."

"திருப்பி மாட்டமாட்டீங்களே?"

"அட, மாட்டமாட்டேனுங்க!"

"இந்தாளு மாட்டுனா நான் விட்டாத்தானுங்க பாய்!" என்று உள்ளிருந்து ராசாத்தாள் குரல் வந்தது. "சீக்கிரம் கழட்டுங்க. பால்குண்டாவப் புடிச்சுட்டே எத்தன நேரம் நிக்கறது?"

சுந்தரராஜுலு ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொள்ள, பீர் முகம்மது ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவது கழன்றபோது பெட்டி முனகியது. ஆறாவதில் ஒரு பக்கம் மெல்ல எழுந்தது. எட்டாவது கழன்றதும், முறுக்கிக் கிடந்த சேஸிஸ் மேல் பெட்டி தன் போக்கில் நிமிர்ந்து உட்கார்ந்தது. உள்ளிருந்து தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்த அங்கப்பன், கதவு திறந்த வேகத்தில் தோளோடு வெளியே வந்தார். ஏணி இன்னும் போடவில்லை.

பட்டு வேட்டியில் சேற்றோடு எழுந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். அவர் திரும்பிப் பெட்டியில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். அது அசைந்து தன் இடத்துக்குத் திரும்பியது.

"பாத்தீங்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஆடுது. ஆடோணும். ஆடாத வண்டி வண்டியே இல்லீங்க. இதக் காட்டறதுக்குத்தான் ஒரு டெஸ்டு வெச்சோம். முக்காலி தத்துவம்!"

"பதினோராம் பக்கத்துலயே இருக்குதுங்க" என்றான் மதன்குமார்.

பெரியப்பா முன்னால் வந்து தோள் கொடுத்துப் பார்த்துவிட்டு, "அப்புடிச் சொல்லு" என்றார். சங்கத் தலைவரும் ஒருமுறை தள்ளிப் பார்த்து, நம் தொழிலதிபர்களின் தொலைநோக்கு என்று இரண்டு நிமிஷம் பேசிவிட்டுக் காருக்கு ஓடினார். பீர் முகம்மது யாரையும் மறுக்கவில்லை. பிளந்த பெயின்டுக்கு மறுநாளே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். தகடு இருந்த இடத்திலேயே இருந்தது.

வண்டி அந்த வருஷம் இமயமலை போகவில்லை. சத்தியமங்கலம் தாண்டி ஒருதரம் தாளவாடி வரை போய், கரடுமுரடான வழியில் ஏறி இறங்கி, ஒரு கீறல் இல்லாமல் இட்லி அவித்துச் சாப்பிட்டுத் திரும்பியது. பெட்டியைத் தள்ளிப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அங்கப்பன் பின்மூலைத் தகட்டையும் காட்டினார். பீர் முகம்மதுவின் பெயர் டீக்கடை வழியாக நாமக்கல் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் அன்னூரிலிருந்து ஒரு தேங்காய் லாரிக்காரர் ஷெட்டுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியதும் தோள் கொடுத்துத் தள்ளினார். இன்னொரு தடவை தள்ளினார். முகம் சுருங்கியது.

"ஏனுங்க பாய், போன வருசம் நீங்க கட்டுன வண்டிதான இது? ஆடவே மாட்டேங்குது. மில்லுக்காரருன்னா ஒரு பாடி, எங்களாட்டம் ஆளுன்னா ஒரு பாடிங்களா?"

"உங்குளுது தொறந்த பாடிங்ணா. இது ஆடக் கூடாது."

"அங்கப்பனும் வண்டியத் தள்ளிக் காட்டறப்பவே சொன்னாருங்க, ஆடாத வண்டி வண்டியே இல்ல, உங்களக் கேட்டா இப்படித்தான் சொல்லுவீங்கன்னு."