முப்பத்தொன்றும் நாற்பத்து நான்கும்

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் வாட்ஸப்புக்கு அதுவாக வந்தது. மாடி வீட்டுச் செங்கல்வராயனிடம் இருப்பது பட்டன் போன். ஸ்கேன் சென்டர்களில் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். "பிரிச்சுப் பாக்காத விஜிம்மா, சுசீலாகிட்ட காட்டிடு" என்பார், மனைவியைச் சொல்லி. (பார்த்தேன். நீங்கள் மட்டும் சும்மா இருந்திருப்பீர்களா?)

2
முதல் தொடக்கம்: பருத்திப்பட்டு ஏரிமேல் வெயில் தகதகக்க, ஒரு கொக்கு— அந்த வரியை அடித்துவிட்டேன். கொக்குக்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடித்து ஆறாம் மாதம் எடுத்த எம்ஆர்ஐயில் செங்கல்வராயனுடைய புராஸ்டேட் சுரப்பியின் அளவு முப்பத்தொரு சிசி. போன வாரம் ஆவடியில், வயிற்றின்மேல் கருவியை வைத்து எடுத்த ஸ்கேனில் நாற்பத்து நான்கு. சுருங்க வேண்டியது வளர்ந்திருக்கிறது! கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, நான். மாடிப்படியிலேயே சுசீலாவிடம் சொல்லியும்விட்டேன்.

3
இங்கே என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்ட ஒரு வாக்கியம் எழுதினேன்: அக்கறையில்தான் நான்— வேண்டாம்.

மூன்று நாள் மாடியில் குக்கர் சத்தமே இல்லை. நான்காம் நாள், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த சுசீலா நேராக என் வாசலில் நின்றாள்.

"நீ இன்னா பெரிய டாக்டரா? அது வேற மெசினு, இது வேற மெசினாம். ரேடியேசன் குட்த்த எடத்துல ஓரமே கலங்கலாத்தான் தெரியுமாம். அளக்கறவன் கோட்ட இம்மி தள்ளிப் போட்டாலே சிசி எகிறிடுமாம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கவே கூடாதாம்."

"அப்ப வளரலையாக்கா?"

"அதுவும் தெரியாதாம்! பழைய மெசின்லயே திரும்ப எடுத்து, ரத்தமும் பாக்கணுமாம். இந்தாளு சோறு துண்ணாம, பொண்ண பெங்களூர்லேந்து கெளம்பி வரச் சொல்லிக்கினு கீறாரு. எல்லாம் உன் வாயால."

4
முடிவு ஒன்று: முப்பது சிசி, ரத்தம் சுத்தம், எல்லாருக்கும் கேசரி.
முடிவு இரண்டு: நோய் திரும்பி— இதை எழுதக் கை வரவில்லை.

5
இன்று பதினொரு மணிக்கு, திரும்ப எடுத்த ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து ஒரே பிடிஎஃப் வந்தது. திறக்கவில்லை. (சத்தியமாக.) மாடிப்படியில் செருப்புச் சத்தம். அவரே இறங்கி வந்திருக்கிறார், முதல் தடவை.

"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா."

"படிச்சிட்டியா?"

"இல்லண்ணா."

நம்பவில்லை. இந்தத் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, இப்ப படி. சுசீலா மார்க்கெட்லேந்து வர்றதுக்குள்ள."

வாசகரே, போனை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறேன். நீங்களே திறந்து சொல்லுங்கள். ஆனால் எண்ணைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிடாதீர்கள். முதலில் எந்த மெசின் என்று பாருங்கள்.