மஞ்சளாகிப் போன வினிகர்

யுனுவென் எழுதின ரெக்கார்டு நோட்டில் வேதியியல் வாத்தியார் ஒலெகாரியோவின் சிவப்புப் பேனா படாது என்று வகுப்பில் பேச்சு. அவள் குழுவில் நாலு பேர். நாலு நோட்டையும் அவள்தான் எழுதுவாள், அதுவும் பிராக்டிகலுக்கு முந்தின நாளே. புத்தகம் சொல்லும் விடையை 'அறிவன' என்ற முடிவுக் கட்டத்தில் முதலில் போட்டுவிட்டு, அதற்குத் தோதான 'உற்றுநோக்கலை' மேலே எழுதி நிரப்புவாள். ஒரு வருஷமாக ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

அந்த வாரம் காரீயம் கண்டுபிடிக்கும் சோதனை. வீட்டில் சமைக்கும் பாத்திரம் ஒன்றில் ராத்திரி முழுக்க வினிகரை ஊற்றிவைத்துக் கொண்டுவர வேண்டும். யுனுவென் பீன்ஸ் அவிக்கும், பளபளவென்று மெருகு பூசிச் சுட்ட மண்பானையில் ஊற்றி, காலையில் புட்டியில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கடை வினிகரையே கொண்டாந்திருக்கலாமே! யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் குழுவில் ஒருவனான காவுதென்சியோ.

"ஒலெகாரியோ சாருக்குத் தெரியும்டா. ஒவ்வொரு புட்டியா மோந்து பார்ப்பாரு. பீன்ஸ் வாசம் வரலைன்னா நாலு பேரும் அவுட்."

நோட்டில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது: நிறமாற்றம் இல்லை, காரீயம் இல்லை. மிச்சமிருந்தது பெயருக்குச் செய்து முடிப்பதுதான். காவுதென்சியோவோடு பேசிக்கொண்டே, சோதனைக் குழாயில் இருந்த வினிகரில், காரீயம் இருந்தால் மஞ்சளாக்கிக் காட்டும் பொட்டாசியம் அயோடைடை நாலு சொட்டு விட்டாள்.

குழாய்க்குள் மஞ்சள் பூத்தது. இறந்தோர் நாளுக்குக் கல்லறையில் பரப்பும் சாமந்தியின் மஞ்சள். தூள் தூளாகக் கீழே இறங்கிப் படிந்தது.

"சார் மாதிரிக்குக் குடுத்த காரீயக் கரைசல்ல விட்டுட்டியா?" என்று காவுதென்சியோ சிரித்தான்.

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. வேறு குழாயை எடுத்து, மூன்று முறை கழுவி, புட்டியிலிருந்து புதிதாக ஊற்றினாள். மறுபடியும் மஞ்சள். கடை வினிகரில் விட்டுப் பார்த்தாள். அது தண்ணீர் மாதிரித் தெளிந்து நின்றது.

ஒலெகாரியோ சார் பக்கத்தில் வந்தார். குழாயைப் பார்த்தார், பிறகு நோட்டைப் பார்த்தார். முன்கூட்டி எழுதியதற்குத் திட்டுவார் என்று குனிந்து நின்றாள். அவர் திட்டவில்லை.

"எந்தப் பானை இது?"

"பீன்ஸ் பானை சார்."

"தினமும் அதுலதான் சமையலா?"

"தினமும்."

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க?"

தம்பி நிக்கானோர். நாலு வயசு. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் சுருண்டுகொள்வான். பூச்சி என்று அம்மா கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தாள். யுனுவென் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

அடுப்பில் அதே பானை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா தெலேஸ்ஃபோரா சோளரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதை இறக்கு. அதுல விஷம் இருக்கு."

"வாயக் கழுவுடீ! உன் ஞானஸ்நானத்துல உன்னை ஏந்தி நின்ன ஞானம்மா தன் கையால வனைஞ்சு, என் கல்யாணத்துக்குக் குடுத்த பானை. பதினேழு வருஷமா அதுலதான் திங்கிறோம். யாரு செத்தா?"

யுனுவென் பிடிதுணியால் பானையைத் தூக்கிப் போய் முற்றத்தில் கவிழ்த்தாள். கொதிக்கக் கொதிக்க பீன்ஸ் மண்ணில் ஓடியது. அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா நிக்கானோரின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன எந்திரத்தில் வைத்தாள். காரீய அளவு முப்பத்தொன்று என்று வந்தது.

"அஞ்சு வந்தாலே நாங்க கவலைப்படுவோம்" என்றாள் டாக்டரம்மா.

தெலேஸ்ஃபோரா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே ஊட்டினேன்… வேணாம் வேணாம்னு தலைய ஆட்டினான், நான்தான் பிடிச்சு வச்சு ஊட்டினேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா யுனுவென் பக்கம் திரும்பினாள். "நீயும் விரலை நீட்டு, கண்ணு."

"எனக்கெதுக்கு?"

"நீ வேற பானையிலயா சாப்பிட்ட?"

அவள் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. பத்தொன்பது வந்தது. சுழியமும் தசமமும் பிசகாமல் எழுதும் பெண், அந்த எண்ணை விளங்காத எழுத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தபடி நின்றாள்.

திங்கட்கிழமை காவுதென்சியோ வந்து நின்றான். "என் ரெக்கார்டு எங்க? இன்னைக்கு வைக்கணுமே."

"உங்க வீட்டுப் பானை வினிகரைக் கொண்டா. நீயே சொட்டு விடு. என்ன நிறம் வருதோ, நீயே எழுது."

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு" என்று முனகிக்கொண்டே போனவன், மறுநாள் மஞ்சளாகிப் போன தன் குழாயை யுனுவெனிடம் கொண்டுவந்து நீட்டினான். இந்தத் தடவை எல்லாருமே தங்கள் வீட்டுப் பானை வினிகரில் செய்து பார்க்க, இருபத்தெட்டுப் பேர் வகுப்பில் பதினோரு குழாய் மஞ்சளாயின. எல்லாம் மெருகுப் பானைகள்; காரீயம் அந்த மெருகில்தான் இருந்தது. ஒலெகாரியோ சார் எந்த நோட்டிலும் மதிப்பெண் போடாமல், பதினொன்றையும் அள்ளிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தார்.

ஞானம்மா எவுஃப்ரோசினா அந்த வாரமே வந்தாள். தன் பானையை விஷம் என்று சொன்னதற்குச் சண்டை போடத்தான் வந்தாள். நிக்கானோரின் ரத்தச் சோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யுனுவென் வாசித்துச் சொன்னாள்.

"அந்த மெருகை நான் கையாலதானே தடவுறேன், மகளே" என்றாள் கிழவி.

அவளை யுனுவெனே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

மூன்று மாதத்தில் நிக்கானோருக்கு இருபத்திரண்டாக இறங்கியது. இரும்புச்சத்து மருந்தும் பாலும் தொடர்கின்றன. புது எஃகுச் சட்டியில் அவித்த பீன்ஸை முதல் வாய் வாங்கியதும் அவன் முகத்தைச் சுளித்தான்.

"இது நல்லா இல்ல, அம்மா" என்றான்.

தெலேஸ்ஃபோரா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு விரல் மடக்கி எண்ணினாள். நாலு வார்த்தை.