ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது, செல்லங்களே. தலைக்குக் குளித்தவர்கள் வாசலில் முடி உலர்த்துவார்கள். மீன் பொரிக்கும் வாசம் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றிச் சுற்றி வரும். ஆறு நாள் மலையேறிக் கொழுந்தெடுத்த கால்கள் அன்றைக்குத்தான் நீட்டிப் படுக்கும்.

அந்த நேரமாகப் பார்த்துத்தான் மதுஷா தன் நாடகத்தை வைத்திருந்தாள்.

மதுஷா இதே தோட்டத்துப் பிள்ளை. இருபத்தாறு வயது. பதுளையில் பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு அவளுக்கு நாடகம்தான் உலகம். ஊவா மாகாணத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நடிக்கும் இளைஞர் நாடக விழா ஒன்று உண்டு. அதை ஒரு வருஷம் தலைமையேற்று நடத்த ஆள் தேடினார்கள். கடைசிச் சுற்றில் மூன்று பேர். மதுஷாவும் ஒருத்தி. இதற்குமுன் இரண்டு தடவை விண்ணப்பித்து, இரண்டு தடவையும் “வருந்துகிறோம்” என்று தொடங்கும் கடிதம் வாங்கியவள். வயசு எல்லை இந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் இனி இல்லை.

நிபந்தனை ஒன்றே ஒன்று: உங்கள் ஊரில், உங்கள் ஆட்களை வைத்து, இருபது நிமிஷ நாடகம் போட வேண்டும்.

ஊர் சரி. ஆட்கள்? அங்கேதான் மதுஷா நழுவிவிட்டாள். தோட்டத்துப் பெண்களிடம் அவள் கேட்கவே இல்லை. இருக்கிற ஒரு நாள் ஓய்வையும் எப்படிக் கேட்பது என்று வாய் கூசிவிட்டது. பதுளை நண்பர்களையே கூட்டிவந்தாள். நான்கு பெண்கள் கொழுந்துக்காரிகளாக. லுணுகலைக் கிருஷ்ணராஜ் கணக்கப்பிள்ளையாக. உடுப்பும் ஒலியும் ஜிப்னா. ஜிப்னா, பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் பாறூக்கின் மகள். நாடகம் பெரட்டில் தொடங்குகிறது. பெரட்டு என்றால் விடிகாலையில் வேலைக்காரர்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அதற்காக ஜிப்னா ஒருநாள் விடியற்காலை இங்கேயே வந்து நின்று, வேலைக்குக் கூப்பிடும் தோட்டத்துச் சங்கை அப்படியே பதிவு செய்துகொண்டு போனாள். ஒத்திகை முழுவதும் பதுளை மண்டபத்தில். அங்கே அந்தச் சங்குக்கு ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரட்டுக்களத்தில் தேர்வாளர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் கொழும்பிலிருந்து வந்த ஸைனப் மேடம், நாடகம் நெறிப்படுத்துகிறவர். மற்றதில் சிங்கள ஐயா ஒருவர். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பொடிசுகள்.

“போடுடீ,” என்றாள் மதுஷா.

ஜிப்னா சத்தத்தை முழுதாகத் திருகினாள். சங்கு மலையில் மோதித் திரும்பி வந்து மறுபடியும் ஊதியது. கிருஷ்ணராஜ் மூக்குக்கண்ணாடியும் ஒட்டு மீசையுமாக வந்து, செக்ரோல் என்ற பேர்ப் புத்தகத்தை விரித்துப் பேர் கூப்பிட்டான். நான்கு பெண்களும் வந்து நின்றார்கள்.

“லேட்டு! எல்லாருக்கும் இன்னைக்கி அரைப் பேருதான்!” அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம்.

“யாருக்குய்யா அரைப் பேரு?”

இது நாடகத்தில் இல்லாத குரல்.

மேட்டு லயத்துப் படிகளில், மதுஷா அத்தை என்று கூப்பிடும் ரெங்கம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள். பின்னால் முப்பது பெண்கள். ஈரத்தலையில் துண்டு, இடுப்பில் அவசரத்துக்குச் சுற்றிய சாக்கு, முதுகில் கூடை. ஒருத்தி கையில் அகப்பையோடு வந்துவிட்டாள். அந்தச் சங்கு கேட்டால் கேள்வி கேட்காமல் ஓடிவரப் பழகிய கால்கள் அல்லவா! தூக்கத்திலேயே எழுந்து வந்துவிட்டன.

“ஞாயித்துக்கெழமயும் பெரட்டாம், அதுல அரைப் பேராம்! புதுக் கணக்கப்பிள்ளையா நீ?”

கிருஷ்ணராஜுக்கு வியர்த்தது. வாயில் வந்தது அவன் மனப்பாடம் செய்திருந்த அடுத்த வசனம்தான். “வாயக் கொறச்சிக்கிட்டு வரிசைல நில்லுங்க!”

போச்சு.

“பாத்தியாடி திமிர! நான் மீனு பொரிச்சதப் பாதியில போட்டுட்டு வந்திருக்கேன்!”

“கண்ணாடியக் கழட்டிட்டு எங்க மொகத்தப் பாருய்யா!”

ஜிப்னா மைக்கில் கைவைத்தாள். “அல்லாஹ்வே! மது, நிப்பாட்டிச் சொல்லிருவமா?”

மதுஷா கணக்குப் போட்டாள். நிறுத்தி மன்னிப்புக் கேட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு மிச்ச நாடகத்தைக் காட்டலாம். ஆறு வாரம் எழுதிய வசனம். ஆனால் ரெங்கம்மா இடுப்பில் கைவைத்து நின்ற அந்த நிலை! இப்படி ஒரு நிலையை அவள் எந்த ஒத்திகையிலும் கண்டதில்லை.

“வேணாம். கைய எடு.”

அவள் தன் நான்கு பெண்களுக்கும் கண்ணைக் காட்டினாள். கெட்டிக்காரிகள். வசனத்தை விழுங்கிவிட்டு, மெல்ல நகர்ந்து ரெங்கம்மாவின் வரிசையில் கலந்துகொண்டார்கள். கணக்கப்பிள்ளை தனியாக நின்றான்.

ரெங்கம்மா செக்ரோலைப் பிடுங்கினாள். தன் கூடையைக் கழற்றி, கயிற்றை அவன் நெற்றியில் மாட்டினாள். “இப்ப நாங் கூப்புடுறேன். கணக்கப்பிள்ள!”

“வந்திருக்கேங்க...”

“சோறு திங்கலியா? சத்தமா!”

“வந்திருக்கேங்க!”

“லேட்டு! ஒனக்குக் காப் பேரு!”

பொடிசுகள் விழுந்து விழுந்து சிரித்தன. பெண்களும் சிரித்தார்கள். சிரிப்புத் தாங்காமல் கிருஷ்ணராஜ் குனிய, மீசை கழன்று ரெங்கம்மாவின் காலடியில் விழுந்தது.

“அட! ஒட்டு மீசையா?” ரெங்கம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். கதிரைகள், ஒலிபெருக்கி, அதன் பின்னால் மதுஷா. “அடியேய் மதுஷா! இது நாடகமா?”

ஸைனப் மேடம் எழுந்து நின்று கைதட்டினார். “எத்தின நாள் இவங்களோட ஒத்திகை பாத்தீங்க?”

ஒரு மாதம் என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஜிப்னா முதுகில் கிள்ளவும் செய்தாள். மதுஷா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“ஒருநாளும் இல்ல மேடம். இவங்கள நான் கூப்புடவே இல்ல. சங்கு கேட்டு, வேலைன்னு நெனச்சி வந்துட்டாங்க. நீங்க பாத்ததுல நான் எழுதுனது மொத அஞ்சு நிமிஷந்தான்.”

சிங்கள ஐயா பேனாவை மூடினார். ரெங்கம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது.

“ஏன்டி எங்கள கூப்புடல?”

“ஒங்களுக்கு இருக்குறது ஒரு ஞாயித்துக்கெழம, அத்த.”

“அத நாங்கல்ல சொல்லணும்?”



வியாழக்கிழமை பிற்பகல், பாறூக்கின் கடையில் திரைச்சீலைத் துணியை மதுஷா பிடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஸைனப் மேடம்.

“விழா உங்கட கையில. நீங்க எழுதின அஞ்சு நிமிஷத்துக்குத் தரல்ல. குழம்பின இடத்தில நிப்பாட்டாம வழி விட்டீங்க, கேட்டதுக்குப் பொய் சொல்லல்ல. அதுக்குத் தாறோம். ஆனா முதல் நாடகம் அந்தப் பொம்பளைகளோட. இந்த முறை கேட்டுக் கூப்பிடுங்க.”

மதுஷா போட்ட கூச்சலில் பாறூக்கின் கத்தரிக்கோல் கோணலாக ஓடிவிட்டது. “என்ன புள்ள, கலியாணம் சரிவந்திட்டா?”

“இல்ல மாமா, விழாவுக்கு நான்தான் தலைவி!”

“அப்ப இந்தக் கோணத் துணிய விழாவுக்கே கட்டுங்க!” ஜிப்னா அவளைக் கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே சுற்றினாள்.

மதுஷா அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். தோட்டத்துக்குள் போகும்போது மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள்.

“அத்த, எனக்குக் கெடச்சிருச்சி. ஒங்க எல்லாரோட ஞாயித்துக்கெழமயும் எனக்கு வேணும். குடுப்பீங்களா?”

ரெங்கம்மா முதலில் தன் கொழுந்தை நிறுத்து முடித்தாள். வேண்டுமென்றே மெதுவாக முடித்தாள் என்றுதான் நான் சொல்வேன். பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். குசுகுசுவென்று ஒரு பேச்சு நடந்தது.

“ஒரு ஞாயிறு நாடகம், மறு ஞாயிறு தூக்கம். சம்மதமா?”

“சம்மதம் அத்த.”

“வசனத்த எழுதித் தூக்கிக்கிட்டு வராத. நாங்களே பேசிக்குவோம்.”

“சரி அத்த.”

“அப்ப நாடகத்துல நாந்தான் தொரை,” என்றாள் ரெங்கம்மா.

“அதெப்புடி? தொரைன்னா ஒயரமா இருக்க வேணாம்? நானு!”

“ஒனக்கு அதட்டவே தெரியாது, போடி!”

“தொரைசாணி எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்!”

நிறுக்கும் தம்பி தராசை மறந்து நின்றான். ஊவா நாடக விழாவின் புதிய தலைவி, ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்காமல், வாயெல்லாம் சிரிப்பாக நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.